ரம்பத்துக்கு எத்தனை குதிரை

ஓசூரில் எந்த மெஷினைப் பற்றிப் பேச்சு வந்தாலும் முதல் கேள்வி "எத்தனை ஹெச்பி?" என்பதாகத்தான் இருக்கும். மாவு மில் வைத்தவரிடமும் அதைத்தான் கேட்பார்கள், போர் போட்டவரிடமும் அதைத்தான் கேட்பார்கள். ஊரின் வளர்ப்பு அப்படி. எழுபதுகளில் சிப்காட் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வரிசையாக வந்து உட்கார்ந்தன. அவற்றுக்கு நட்டும் போல்ட்டும் பிரஸ் பார்ட்டும் செய்துகொடுக்கச் சந்துக்குச் சந்து பட்டறைகள் முளைத்தன. தர்மபுரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கமிருந்து ஐடிஐ முடித்த பையன்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். இன்றைக்கும் நைட் ஷிஃப்ட் முடித்து டீக்கடையில் நிற்பவர்களின் பேச்சில் பாதி எண்கள்தான். "பத்து மைக்ரான் தூக்குது மச்சான், என்னா பண்றதுன்னே தெரில."

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி. பகல் முழுக்க மைக்ரோமீட்டரைத் திருகுகிறேன், ராத்திரியில் புத்தகம் படிக்கிறேன். இரண்டுக்கும் நடுவே ஒரு பிரச்சினை இருந்தது. கடையில் வாங்கிய பார்ட்டிகிள் போர்டு அலமாரி ஒரு மழைக்காலத்துக்கே நடுவில் வயிறு தொங்கிவிட்டது. ருஷ்ய நாவல்கள் இருந்த தட்டு எல்லாவற்றையும்விட மோசம். நல்ல மரத்தில் நானே அலமாரி செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன். பெரியப்பா வீட்டில்தான் இருக்கிறேன். பாகலூர் ரோட்டுப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட பத்துக்குப் பன்னிரண்டு இடம் காலியாகக் கிடந்தது. அங்கே ஒரு டேபிள் சா போடலாம்.

எந்த டேபிள் சா என்று விசாரிக்கத் தொடங்கியதும் மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள்.

ஹார்டுவேர் கடைக்காரர், "3 ஹெச்பி போட்டுடுங்க மேடம், வெண்ணெய் மாதிரி போவும்" என்றார். வீட்டில் யாருக்கு என்று இரண்டு முறை கேட்டார். எனக்குத்தான் என்று இரண்டு முறை சொன்னேன். கம்பெனி நண்பன் அமெரிக்க மரவேலை வீடியோக்களில் ஊறியவன். "4,800 ஆர்பிஎம்முக்குக் கீழ வாங்காத, ஃபினிஷ் வராது" என்றான். பெரியம்மா மட்டும் எண் எதுவும் சொல்லவில்லை. "சின்ன மோட்டாரா பாத்து வாங்கும்மா. வேகம் கம்மியா இருந்தா கைக்கு நல்லது." பெரியம்மா கையைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பெரியப்பா முப்பது வருஷம் பிரஸ் ஷாப்பிலும் டூல் ரூமிலும் இருந்தவர். அவர் பதில் சொல்லவில்லை, திருப்பிக் கேட்டார். "என்னா மரம் பாப்பா அறுக்கப் போற?"

மோட்டார் வாங்க நினைக்கிற எல்லோரும் தொடங்கவேண்டிய இடம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

*

என்ன மரம் என்பதற்கு ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வசதியான பதில் இருக்கிறது. இங்கே வெளிநாட்டு மெஷின்கள் பெரிய பெரிய மரப்பெட்டிகளில் வந்து இறங்குகின்றன. மெஷினை எடுத்துக்கொண்டு பெட்டியைப் பழைய மரக்கடைக்குத் தள்ளிவிடுவார்கள். பெரும்பாலும் பைன். கடையில் அடுக்கிவைத்திருக்கும் பலகைகளில் கோதுமைக்கதிர் படம் போட்ட ஒரு முத்திரையைப் பார்க்கலாம். ஐஎஸ்பிஎம் 15 என்கிற சர்வதேச விதிப்படி குத்தப்படுவது அது. மரத்தோடு பூச்சியும் நாடு தாண்டிவிடக்கூடாது என்பதற்காக வந்த விதி. முத்திரையில் நாட்டின் குறி இருக்கும். ஜெர்மனி என்றால் டிஇ, ஜப்பான் என்றால் ஜேபி. பக்கத்தில் ஹெச்டி என்றிருந்தால் மரத்தைச் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள். எம்பி என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்கிற விஷவாயுவில் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் கொண்டுவரும் மரத்துக்கு ஹெச்டி போதும், எம்பியைத் தொடவேண்டாம்.

பைன் இளசான மரம். தேக்கு அதைவிடக் கனம். தேக்குக்குள் மணல்போல் சிலிக்கா ஓடுகிறது. சாதாரண இரும்புப் பல்லைச் சீக்கிரம் மழுங்கடித்துவிடும். அதனால்தான் நுனியில் கார்பைடு ஒட்டிய பல். கிருஷ்ணகிரி மாவட்டம் மாந்தோப்புக்குப் பேர்போனது. காய்ப்பு விட்ட மரங்கள் வெட்டுக்கு வரும்போது மாம்பலகை மலிவாகக் கிடைக்கும். புளி வேறு ஜாதி. கசாப்புக் கடையில் அடிகட்டையாகப் போடுவது அதைத்தான். அதில் ரம்பத்தை வைத்தால் மோட்டாரின் குரலே மாறிவிடும்.

என் தேவை பைனும் கொஞ்சம் மாவும். பெரும்பாலும் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலக் கனம். எப்போதாவது இரண்டு அங்குலம். இதைப் பேப்பரில் எழுதியதும் ஹெச்பி கேள்வியின் திமிர் பாதி அடங்கிவிட்டது.

ரம்பம் மரத்தில் சாப்பிடுவது மூன்று அளவுகளின் பெருக்கல். தடத்தின் அகலம், மரத்தின் கனம், நாம் தள்ளுகிற வேகம். மோட்டாரின் உழைப்பு ஏறத்தாழ அந்தப் பெருக்கலைத்தான் பின்தொடர்கிறது. கனம் இரண்டு மடங்கானால் இரண்டு மடங்கு மோட்டார் வேண்டும், அல்லது பாதி வேகத்தில் தள்ளவேண்டும். 3.2 மி.மீ. தடம் போடுகிற ரம்பத்துக்குப் பதிலாக 2.4 மி.மீ. மெல்லிய ரம்பம் மாட்டினால் தின்கிற மரம் முக்கால் பங்காகிவிடும். மோட்டாரை மாற்றாமலே மூன்றுக்கு நான்கு குதிரை கிடைத்த மாதிரி. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். ரம்பத்தைவிட மோட்டாரில்தான் அவருக்கு லாபம்.

*

ஹெச்பி விஷயத்தில் நிறையப் பேர் சறுக்குகிற இடம் பெயர்த்தகடு. பெட்டியில் அடைத்து வரும் கையடக்க டேபிள் சாவில் 1,800 வாட் என்று போட்டிருக்கும். உள்ளூர் வார்ப்பிரும்பு மெஷினில் மாட்டுகிற கோயம்புத்தூர் இண்டக்‌ஷன் மோட்டாரில் 1.5 கிலோவாட் என்று போட்டிருக்கும். 1,800 பெரிது, 1,500 சிறிது என்று மனசு கணக்குப் போடும். இரண்டும் ஒரே கணக்கு அல்ல. முதலாவது, மெஷின் சுவரிலிருந்து உறிஞ்சுகிற கரண்ட். இரண்டாவது, மோட்டார் தன் ஷாஃப்டில் வெளியே தருகிற வேலை. கையடக்க மெஷினில் இருப்பது மிக்ஸியில் இருக்கிற இனத்து யுனிவர்சல் மோட்டார், கார்பன் பிரஷ்ஷோடு கத்துகிற சாதி. உறிஞ்சியதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரைதான் ரம்பத்துக்குப் போய்ச் சேரும். மிச்சம் சூடும் சத்தமும். அதனால் 1.5 கிலோவாட் இண்டக்‌ஷன் மோட்டார், அதாவது 2 ஹெச்பி, 1,800 வாட் மெஷினைவிடப் பலசாலி.

அமெரிக்க விளம்பரங்களில் இன்னொரு வேடிக்கை. 120 வோல்ட், 15 ஆம்பியர் பிளக்கில் ஓடுகிற மெஷினுக்கு "4 ஹெச்பி" என்று போட்டிருப்பார்கள். 120-ஐ 15-ஆல் பெருக்கினால் 1,800 வாட். ஒரு ஹெச்பி 746 வாட். ஒரு துளிகூட வீணாகாவிட்டாலும் 2.4 ஹெச்பிதான் வரும். மிச்சக் குதிரைகள் எழுத்தில் மட்டும் ஓடுகின்றன.

அடுத்தது வீட்டுக் கரண்ட். 2 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் முழு வேலையில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், 3 ஹெச்பி சுமார் 15. வீட்டில் இருக்கிற பெரிய பிளக் 16 ஆம்பியர். அதாவது 3 ஹெச்பி என்பது வேட்டி நுனியில் நிற்கிற கணக்கு. ஸ்விட்ச் போட்ட கணத்தில் மோட்டார் ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். பி வகை எம்சிபி மூன்றிலிருந்து ஐந்து மடங்குக்குள் விழுந்துவிடும், சி வகை ஐந்திலிருந்து பத்து மடங்குவரை தாங்கும். மோட்டார் வைக்கிற லைனுக்கு சி வகை போடச் சொல்வது அதனால்தான்.

எங்கள் தெரு லைனின் கடைசி முனை. சாயங்காலம் எல்லோர் வீட்டிலும் மோட்டாரும் கிரைண்டரும் ஓடும்போது 230 இருக்கவேண்டிய இடத்தில் மல்டிமீட்டர் 190 காட்டுகிறது. இண்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். 190-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.68. நாற்பது வோல்ட்தான் குறைந்தது, முறுக்கிலோ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. காலையில் வெண்ணெய்போல் அறுத்த மெஷின் சாயங்காலம் முனகுவதற்கு இதுதான் காரணம். பெரிய மோட்டார் போட்டால் அது இன்னும் அதிகமாக இழுத்து, அதே ஒல்லி வயரில் வோல்டேஜை இன்னும் கீழே தள்ளும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மீட்டர் பாக்ஸிலிருந்து பின்கட்டுக்கு 4 சதுர மி.மீ. வயர் தனியாக இழுத்தேன். மோட்டாருக்கு முன்னால் நான் செலவு செய்தது அதற்குத்தான்.

*

இனி வேகம். நண்பனின் 4,800.

ஆர்பிஎம் என்பது தனியாக ஒன்றும் சொல்லாத எண். மரத்தைத் தொடுவது ரம்பத்தின் நடு அல்ல, விளிம்பு. விளிம்பில் இருக்கும் பல் நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதுதான் பேச்சு. சைக்கிள் சக்கரத்தில் பெயின்ட் புள்ளி வைத்த மாதிரிதான். சுற்றளவைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கவேண்டும். 10 அங்குல ரம்பத்தின் சுற்றளவு ஏறத்தாழ 80 செ.மீ. கார்பைடு பல் மரத்தில் நொடிக்கு 50 முதல் 70 மீட்டர்வரை ஓடினால் நல்லது என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு.

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இரண்டு போல் இண்டக்‌ஷன் மோட்டார் 3,000-க்குச் சற்றுக் கீழே, சுமார் 2,880 சுற்றும். நான்கு போல் என்றால் 1,440. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், அங்கே அதே இரண்டு போல் மோட்டார் 3,450. வீடியோவில் சொல்கிற எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு ஓசூரில் தேடினால் கிடைக்காது. நம் கரண்ட்டுக்கு அந்த ஊர் எண்ணில் ஆறில் ஐந்து பங்குதான் தெரியும்.

2,880-ல் 10 அங்குல ரம்பத்தை நேராக மாட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு 38 மீட்டர். அறுக்கும், ஆனால் கொஞ்சம் முரடாக. 1,440 என்றால் 19 மீட்டர், பல் பல்லாகப் பிய்க்கும். 4,800 என்றால் 64 மீட்டர். ஆனால் அந்த வேகத்தில் ஓடுவது யுனிவர்சல் மோட்டார். அதன் அலறலோடு மூன்று பக்கமும் வீடுகள் இருக்கிற தெருவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடித்தனம் பண்ண முடியாது.

நடுவழி ஒன்று உண்டு, பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. புல்லி. மோட்டாரில் 4 அங்குல புல்லி, ரம்பத்தின் ஷாஃப்டில் 3 அங்குல புல்லி. 2,880-ஐ நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்தால் 3,840. விளிம்பு வேகம் 51 மீட்டர். தேவையான எல்லைக்குள் வந்தாயிற்று. வேகம் கூடின அளவுக்கு முறுக்கு குறையும். இலவசமாக எதுவும் வராது. ஆனால் ஒவ்வொரு பல்லும் கடிக்கிற துண்டும் அதே விகிதத்தில் சிறிதாகிறது, அதனால் மோட்டார் சமாளித்துக்கொள்ளும். ரம்பத்தின் முகத்தில் அதிகபட்ச ஆர்பிஎம் அச்சிட்டிருக்கும். புல்லி கணக்கு அதைத் தாண்டக்கூடாது. ரம்பம் பெரிதாகப் பெரிதாக அந்த எல்லை கீழே இறங்கும். 10 அங்குலத்துக்குப் போட்ட புல்லியில் 14 அங்குலத்தை மாட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நிற்காதீர்கள்.

வேகத்தைவிட ஃபினிஷைக் கெடுப்பது பல்லின் எண்ணிக்கை. நிறைய பல் இருந்தால் வழவழப்பு என்று நினைத்து 80 பல் ரம்பத்தை வாங்கி, பலகையை நீளவாக்கில் அறுப்பார்கள். மரம் கருகும். மோட்டாருக்கு சக்தி போதவில்லை என்று திட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 3 மீட்டர் தள்ளினால், 3,840 ஆர்பிஎம்மில் 80 பல் ரம்பத்தின் ஒரு பல்லுக்குக் கிடைப்பது 10 மைக்ரான் மரம். டீக்கடையில் சொன்னேனே, அதே பத்து மைக்ரான். தலைமுடியின் கனத்தில் ஏழில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிசைப் பல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் கருகல். 24 பல் ரம்பம் என்றால் ஒரு பல்லுக்கு 33 மைக்ரான். அது துண்டாக வெட்டித் தூளை வெளியே எறியும். நீளவாக்குக்கு 24, குறுக்கே அறுக்க 60. இரண்டு ரம்பம் வாங்குவது ஒரு பெரிய மோட்டார் வாங்குவதைவிட மலிவு.

ஆக 2 ஹெச்பி, இரண்டு போல், புல்லி நான்குக்கு மூன்று, 10 அங்குலம். இந்தப் பேப்பரைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் கொடுத்தேன்.

*

பெரியப்பாவின் வலது கைச் சுட்டுவிரலில் அடிக்கணு மட்டும்தான் இருக்கிறது. தொண்ணூறுகளில் ஒரு பிரஸ் ஷாப்பில் போனது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இங்கே மட்டும் நடப்பதும் இல்லை. ஹரியானாவில் மானேசர் பக்கத்து ஆட்டோ உதிரிபாகப் பட்டறைகளில் விரலும் கையும் இழந்தவர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்கிற அமைப்பு 2019 முதல் அறிக்கை வெளியிட்டுவருகிறது. அதன் பெயரே 'கிரஷ்டு'. நசுங்கியது.

விரலுக்குச் சட்டத்தில் விலை உண்டு என்பது எனக்குத் தெரிந்தது அவர் கோப்பிலிருந்துதான். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை. கட்டைவிரல் முழுக்கப் போனால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு 30 சதவீதம். சுட்டுவிரல் முழுக்க 14, இரண்டு கணு என்றால் 11, ஒரு கணு என்றால் 9. நடுவிரல் 12. மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் 7. எலும்பு போகாமல் சுட்டுவிரல் நுனி மட்டும் போனால் 5. அளவுகளோடு வாழ்கிற எனக்கே அந்தப் பட்டியலைப் படிக்கும்போது கொஞ்சம் மூச்சு நின்றது. பெரியப்பா 11 சதவீதம். அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சட்டைப் பட்டன் போடும்போது நடுவிரலால் போடுவார், அவ்வளவுதான். பெரியம்மாதான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருபத்தைந்து வருஷமாகச் சோறு போடுகிறார். "சின்ன மோட்டாரா வாங்கு" என்று சொன்னது அந்த இடத்திலிருந்து.

பேப்பரைப் படித்துவிட்டுப் பெரியப்பா சொன்னார். "கணக்கு சரியா கீது. மரத்துக்குப் போட்ட கணக்கு. கைக்கு?"

"பெரிம்மா சொல்ற மாதிரி வேகம் கம்மி பண்ணட்டுமா பெரிப்பா?"

"எனக்குப் போனது 10 டன் பிரஸ்ல பாப்பா. பக்கத்துலயே 100 டன் ஓடிக்கினு இருந்துச்சு. விரலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அன்றைக்கு ராத்திரி அந்த வாக்கியத்தை எண்ணில் போட்டுப் பார்த்தேன். கையைப் பின்னால் இழுக்கவேண்டும் என்று மனிதனுக்கு உறைக்கக் கால் நொடி ஆகும். என் ரம்பம் நொடிக்கு 64 சுற்று. 24 பல். கால் நொடியில் 384 பல் அந்த இடத்தைக் கடந்துபோயிருக்கும். சரி, பெரியம்மாவின் ஆசைப்படி மெதுவான மோட்டார், 1,440. கால் நொடியில் 144 பல். ஒரு விரலுக்கு 144 ஏராளம். மோட்டாரின் சக்தியும் அப்படித்தான். மாம்பலகையை அறுக்க முடிந்த எந்த மோட்டாரும் எலும்பை அறுக்கும். அரை ஹெச்பியும் அறுக்கும். மரத்துக்குப் போதாத மோட்டார்கூட விரலுக்குப் போதும்.

சின்ன மோட்டாரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மரம் போகாதபோது நாம் என்ன செய்வோம்? அழுத்தித் தள்ளுவோம். உடம்பின் பாரம் ரம்பத்தை நோக்கிச் சாயும். எங்கேயாவது இளசான இடம் வந்து மரம் சட்டென்று விட்டுக்கொடுத்தால், பாரம் முழுக்க முன்னால் விழும். போதுமான மோட்டார் வேண்டும் என்பதற்குச் சரியான காரணம் இதுதான். அறுக்கிற கைக்கு அவசரம் வரக்கூடாது.

பெரியப்பாவின் பிரஸ்ஸில் இரண்டு கை பட்டன் இருந்தது. இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், அப்போது கை உள்ளே இருக்க வழியில்லை. ஒரு பட்டனில் ஆப்பு வைத்து, ஒரு கையால் பார்ட்டை வைக்க, ஒரு கையால் அழுத்தச் சொன்னார்கள். ஷிஃப்டுக்கு எண்ணிக்கை கூடும். அந்தக் கதையை இரண்டே வரியில் முடித்துவிட்டார். விரலை எடுத்தது பத்து டன் அல்ல, அந்த ஆப்பு. அது எந்தப் பெயர்த்தகட்டிலும் வராத எண்.

*

டேபிள் சாவில் அந்த ஆப்புக்குச் சமமானது எது என்று தேடினால் பதில் உடனே கிடைக்கிறது. நம் ஊர் பட்டறைகளில் ஓடுகிற மேசை ரம்பங்களைப் பாருங்கள். மேலே மூடி இருக்காது. ரம்பத்துக்குப் பின்னால் பிளவுக்கத்தி இருக்காது. வாங்கும்போதே பல மெஷின்களில் கிடையாது.

ரைவிங் நைஃப் எனப்படும் இந்தப் பிளவுக்கத்தி, ரம்பத்தின் பின்விளிம்பை ஒட்டி நிற்கிற ஒரு வளைந்த இரும்புத் தகடு. அறுபட்ட மரம் உள்ளே இருக்கும் இறுக்கம் தளர்ந்து மறுபடி மூடிக்கொள்ளப் பார்க்கும். அப்போது ரம்பத்தின் பின்பக்கப் பற்கள் மரத்தைக் கவ்வித் தூக்கி நம்மைப் பார்த்து எறியும். கிக்பேக். மேல்பக்கமாக வரும் பல்லின் வேகம்தான் அதற்கு உச்சவரம்பு. 51 மீட்டர் என்று பெருமையாகக் கணக்குப் போட்டேனே, அது மணிக்கு 184 கி.மீ. உலகத்தின் எந்த வேகப்பந்து வீச்சாளரும் அதைத் தொட்டதில்லை. பலகை பறப்பதோடு நிற்காது, அதைப் பிடித்திருந்த கையையும் ரம்பத்தின் மேல் இழுத்துப்போட்டுவிடும். பிளவுக்கத்தி இருந்தால் மரம் மூடிக்கொள்ள முடியாது. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு மெஷினுக்கு வேலி வேண்டும் என்றது. வட்ட ரம்பத்துக்குப் பிளவுக்கத்தி வேண்டும் என்பது அதன் கீழான தொழிற்சாலை விதிகளிலேயே இருந்தது. வீட்டின் பின்கட்டுக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார்.

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-ல் சாஸ்டாப் என்கிற ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். தோல் பட்டதை ரம்பமே மின்சாரத்தால் உணர்ந்து, ஒரு அலுமினியக் கட்டை பாய்ந்து ஐந்து மில்லி நொடிக்குள் நிறுத்திவிடும். என் ரம்பத்தின் கணக்கில் எட்டே பல். விரலுக்குப் பதிலாக ஹாட் டாக் சாசேஜை வைத்து அவர் காட்டிய வீடியோ பிரபலம். 384-க்கும் எட்டுக்கும் இடையில்தான் விரல் இருக்கிறது. அந்த மெஷின் என் பட்ஜெட்டில் இல்லை. ஆனால் பிளவுக்கத்தி ஒரு தகடுதான்.

பெரியப்பா அதைத் தானே செய்தார். என் ரம்பத்தின் உடல் கனம் 2.2 மி.மீ., அது போடுகிற தடம் 3.2. கத்தி உடலைவிடத் தடிமனாக, தடத்தைவிட மெல்லிசாக இருக்கவேண்டும். 2.5 மி.மீ. தகடு வாங்கி, அட்டையில் வளைவை வெட்டிப் பார்த்து, அரத்தால் ராவி, ரம்பத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி ஷாஃப்ட் ஏந்திய சட்டத்தோடு பொருத்தினார். தகட்டை நான்கு விரலால் பிடித்துக்கொண்டு மைக்ரோமீட்டரை என்னிடம் நீட்டினார். "நீயே அளந்து பாரு, குவாலிட்டி." 2.48. பாஸ்.

மேலே அக்ரிலிக் மூடி தனியாக ஒரு கையில் தொங்குகிறது. தள்ளுகட்டைகள் இரண்டு. முழங்காலால் தட்டி நிறுத்துகிற மாதிரி ஸ்விட்ச். நிறுத்திய பிறகும் ரம்பம் பல நொடி சத்தமில்லாமல் சுற்றும் என்பதால், அது முழுசாக நிற்கும்வரை துண்டு மரத்தை எடுக்கக் கை நீட்டுவதில்லை என்று ஒரு வீட்டுச் சட்டம். ரம்பத்துக்கு நேர்க்கோட்டில் யாரும் நிற்பதில்லை என்று இன்னொன்று. பெட்டி மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும் என்பதால், ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒவ்வொரு பலகை மீதும் தடவிப் பார்த்த பிறகுதான் மேசைக்கு வரும்.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால் என் வரிசை இதுதான். முதலில் மரம், அதன் கனம். பிறகு வீட்டு வயர், சாயங்கால வோல்டேஜ். பிறகு ரம்பம், அதன் தடமும் பல்லும். அதற்குப் பிறகு விளிம்பு வேகம், அதிலிருந்து புல்லி. ஹெச்பி கடைசியில் தானாக வந்து நிற்கும். இந்த வரிசைக்கு வெளியே, தனி நோட்டில், கை. பிளவுக்கத்தி பொருத்த இடமே இல்லாத மெஷின் எத்தனை ஹெச்பியாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், அதை வாங்காதீர்கள்.

அலமாரி இப்போது நிற்கிறது. ஜெர்மன் பைன், மாமரக் கால். ருஷ்யர்கள் நேராக நிற்கிறார்கள். போன வாரம் பெரியம்மா எங்கிருந்தோ இழைத்த புளியம்பலகை ஒன்றைக் கொண்டுவந்து, காய் நறுக்கும் கட்டை வேண்டும், அகலத்தைக் குறைத்துக்கொடு என்றார். இரண்டு அங்குலக் கனம். ஒரே தடவையில் விட்டால் 2 ஹெச்பி திணறும். 3 ஹெச்பி வாங்கியிருக்கலாமோ என்று கேட்டேன். பெரியப்பா மேசையின் திருகைச் சுற்றி, ரம்பம் ஒரு அங்குலம் மட்டும் வெளியே தெரியும்படி உயர்த்தினார்.

"பாதி ஆழம் போ. அப்பறம் மீதி. எங்க ஓட்றோம் இப்ப?"

பெரியம்மா ரம்பத்துக்கு நேராக இல்லாமல், சுவர் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.